மொல்ஸ் மலையில் மாட்டுமணிப் பூக்கள்

டென்மார்க்கில் மலை ஏறப் போகிறோம் என்று சொன்னால் நோர்வேயில் இருக்கும் எமது உறவினர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். சுவிஸில் இருப்பவர்கள் சிரிக்கவும் நேரம் செலவழிப்பதில்லை. அவர்கள் பக்கத்தில் நியாயம் உண்டு. இந்த நாட்டின் ஆக உயர்ந்த இயற்கை நிலம் யூலன்டில் உள்ள மொல்லஹொய். அதன் உயரம் 170.86 மீற்றர். எமது நாட்டின் பீதுருதாலகால 2524 மீற்றர், சிவனொளிபாதமலை 2243 மீற்றர். சில்க்கபோர்க் நகருக்கு அருகில் ஹிம்மல்பியேர்க என்று ஒன்று இருக்கிறது. 'வானமலை' என்பது அந்தப் பெயரின் பொருள். உயரமோ 147 மீற்றர்தான். 1847 ஆம் ஆண்டு வரை அதுவே நாட்டின் ஆக உயர்ந்த இடம் என்று இவர்கள் நம்பியிருந்தார்கள்.

ஆனால் யாழ்ப்பாணத்தவர்களாகிய நாம் இதைக் கேட்டுச் சிரிக்கலாமா? கீரிமலை என்று ஊருக்குப் பெயர் வைத்திருக்கிறோம். கேணி இருக்கிறது, கடல் இருக்கிறது, நகுலேஸ்வரர் கோயில் இருக்கிறது. மலையைக் காட்டு என்று வெளியூரார் ஒருவர் கேட்டால் நாம் எந்தப் பக்கம் கையை நீட்டுவது? மட்டமான தரையில் பிறந்தவனுக்குச் சற்று மேடான இடமெல்லாம் மலைதான். இந்த விடயத்தில் டெனிஷ்காரரும் நாமும் ஒரே கட்சி.

கடந்த ஏப்ரல் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை நான்கு குடும்பங்களாக நாம் மொல்ஸ் பியேர்கவுக்குப் போய் வந்தோம். ஓகூஸ் நகருக்குக் கிழக்கே, எபல்ரொவ்ற் என்ற பழைய சிறு நகரத்தைச் சுற்றியுள்ள மேட்டு நிலம் அது. 2009 ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக்கப்பட்டது. பரப்பளவு 180 சதுர கிலோமீற்றர். ஆக உயர்ந்த மேடான அக்றி பௌனஹொய் 137 மீற்றர். இவற்றை இங்கே எழுதுவதற்குக் காரணம், எம்மவரில் பலர் இந்த நாட்டில் பல வருடங்கள் இருந்தும் வசந்த காலத்தை ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறார்கள். வேலை, பாசைப் படிப்பு, பிள்ளைகளின் தமிழ் வகுப்பு, சனிக்கிழமை பிறந்தநாள் விழா, ஞாயிறு நித்திரை. புதிதாக வந்திருக்கும் குடும்பங்களாவது இந்தப் பழக்கத்துக்குள் விழுந்துவிடக் கூடாது என்பது எமது ஆசை.

எம்முடன் வந்தவர்களில் ஒரு குடும்பம் சென்ற வருடம்தான் டென்மார்க்குக்கு வந்தது. இன்னொரு குடும்பத்தோடு அவர்களின் அம்மம்மாவும் வந்தார். 1999 இல் மகளிடம் வந்து சேர்ந்தவர். காட்டுக்குள் நடக்கப் போகிறோம் என்றதும் அவர் சொன்னது இதுதான்: "எனக்கு நடந்தது காணும் பிள்ளையள். நாவற்குழிப் பாலத்தாலை நடந்தது இந்தச் சென்மத்துக்குக் காணும்." 1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் நகர்ந்ததை வாசகர்கள் பலர் அறிவீர்கள். மழைக்குள் மூட்டை முடிச்சுகளோடு நடந்த சனத்தில் அவரும் ஒருவர். பொழுதுபோக்குக்காக ஒரு மனிசன் நடப்பான் என்பதை அவரால் இன்னமும் முழுதாக ஏற்க முடியவில்லை. மகள் வற்புறுத்தியதால், காரிலேயே இருக்கலாம் என்ற நிபந்தனையோடு வந்தார்.

முதலில் றொண்ட என்ற ஊருக்கு அருகே உள்ள ஹெஸ்ரஹேவ காட்டுக்குள் போனோம். இது பூய் மரக் காடு. டென்மார்க்கின் தேசிய கீதத்தில் இடம்பெற்ற மரம் அது. எமது ஊர்ப் பனையைப் போல இவர்களுக்கு இது. நாம் போன நேரம் கிளைகள் இன்னும் மொட்டையாக இருந்தன. கீழே பார்த்தால் நிலம் முழுவதும் வெள்ளை. தும்பைக் காடு ஒன்றை யாரோ பெரிதாக்கி விரித்துவிட்டது போல இருந்தது. அதுதான் அனெமோன. ஒரு சாண் உயரமும் இல்லாத செடி, அதில் ஒரேயொரு பூ. வெயிலுக்கு விரியும், மழைக்கும் இரவுக்கும் கூம்பிக்கொள்ளும்.

இந்தப் பூவின் அவசரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பூய் மரம் ஏப்ரல் இறுதியில் அல்லது மே முதல் வாரத்தில் இலை விடும். இலை விரிந்துவிட்டால் மேலே கூரை போட்ட மாதிரி. நிலத்துக்கு வெளிச்சம் வராது. ஆகவே குளிர் விலகிய பின், கூரை மூடுவதற்கு முன், கிடைக்கும் சில வாரங்களுக்குள் அனெமோன முளைத்து, பூத்து, காய்த்து, அடுத்த வருடத்துக்கான சாப்பாட்டையும் கிழங்கில் சேர்த்துவிட வேண்டும். கோடை நடுவில் போய்த் தேடினால் அப்படி ஒரு செடி இருந்த அடையாளமே தெரியாது. விதையை எறும்புகள்தான் காவிச் செல்கின்றன. நிலத்துக்குக் கீழே கிழங்கும் வருடத்துக்குச் சில சென்ரிமீற்றர் மட்டுமே நகரும். ஆகவே அனெமோன பரந்து கிடக்கும் காடு பெரும்பாலும் மிகப் பழைய காடு. தூக்கிக் கொண்டுபோய் நட்டாலொழிய அது தூர இடம் போகாது.

இந்தக் காட்சியைப் பார்த்த பின்தான் அம்மம்மா காரை விட்டு இறங்கினார். இறங்கியதும் ஒரு கேள்வி கேட்டார். "இது ஆரின்ர காணி? ஆரிட்டைக் கேட்டு உள்ளுக்குப் போறியள்?"

நாம் சிரித்தோம். ஆனால் நியாயமான கேள்வி. யாழ்ப்பாணம் வேலிகளின் நாடு. கதியாலும் கிடுகும் இல்லாத காணியை எம்மால் கற்பனை செய்ய முடியாது. ஒரு முழ எல்லைக்காகப் பரம்பரை பரம்பரையாக வழக்காடியவர்கள் நாம். பின்னர் யுத்தம் வந்தது. ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போகவும் பாஸ் எடுக்க வேண்டியிருந்தது. மரங்களுக்கு இடையில் யார் நிற்கிறார்கள் என்று தெரியாமல் காட்டோரம் போக முடியாது. இந்தப் பழக்கத்தோடு வந்தவர்களுக்குத் திறந்து கிடக்கும் காடு ஒரு பொறி போலத்தான் தெரியும். புதிதாக வந்த குடும்பத்தின் தகப்பனும் அதையே வேறு விதமாகக் கேட்டார். வழியில் யாராவது மறித்தால் என்ன பத்திரத்தைக் காட்டுவது என்று.

ஒரு பத்திரமும் தேவையில்லை. டென்மார்க்கின் இயற்கைப் பாதுகாப்புச் சட்டம் இந்த உரிமையை எல்லோருக்கும் தருகிறது. விசா வகையையோ பிரசாவுரிமையையோ அது கேட்பதில்லை. அரச காடுகளில் பகலிலும் இரவிலும் கால்நடையாகப் போகலாம், பாதையை விட்டு விலகியும் நடக்கலாம். தனியார் காடுகளில் காலை தொடக்கம் சூரியன் மறையும் வரை மட்டும், அதுவும் பாதைகளில் மட்டும். ஹெஸ்ரஹேவ அரச காடு. ஒன்றை மட்டும் கவனிக்கவும். நோர்வேயிலும் சுவீடனிலும் உள்ள உறவினர்கள் விரும்பிய இடத்தில் கூடாரம் அடித்துப் படுத்த கதையைச் சொல்வார்கள். அந்தச் சட்டம் இங்கே இல்லை. இங்கே கூடாரத்துக்கு அனுமதித்த இடங்கள் வேறாக உண்டு. நெருப்பும் அதற்கென அமைத்த இடத்தில் மட்டும்தான் மூட்டலாம். காட்டுக்குள் நாயைக் கயிற்றில் பிடித்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் அம்மம்மாவுக்கு விளக்கியபோது, ஒரு டெனிஷ் முதிய தம்பதியினர் தடி ஊன்றியபடி எதிரே வந்தார்கள். "ஹை" என்று சொல்லித் தலையசைத்துவிட்டுப் போனார்கள். அம்மம்மா அவர்கள் போன திசையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "அப்ப அவையின்ர காணியும் இல்லை" என்றார்.

காட்டின் ஈரமான பகுதியில் உள்ளிப் பூண்டு மணம் வீசியது. ரம்ஸ்லொய் எனப்படும் காட்டு உள்ளி. அதன் இலையை ஆய்ந்து சம்பல் அரைக்கலாம், வறை செய்யலாம். எமது பெண்கள் அதைக் கண்டுபிடித்தவுடன் நடை நின்றுவிட்டது. சொந்தப் பாவனைக்காக அளவாகப் பறிப்பதற்குச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் இந்த இலைக்கும் லிலியகொன்வல் என்ற நஞ்சுச் செடியின் இலைக்கும் வித்தியாசம் காண்பது கடினம். ஒவ்வொரு இலையாகக் கசக்கி மணந்து பார்க்க வேண்டும். நாலு இலை பறித்த பிறகு கையே உள்ளி மணக்கும், ஐந்தாவது இலையின் மணம் கையினுடையதா இலையினுடையதா என்று தெரியாது. ஆகவே தெரிந்தவர் ஒருவர் கூட இல்லாமல் பறிக்க வேண்டாம். அனெமோனவும் நஞ்சுதான். கார்த்திகைப் பூவைத் தொடாதே என்று எம்மை வளர்த்தது போல, பார்க்கலாம், வாயில் வைக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தோம்.

காட்டுக்கு அருகிலேயே கலோ கோட்டையின் இடிபாடு கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது. 1313 இல், விவசாயிகள் கிளர்ந்தெழுந்த பின், அவர்களை அடக்கி வைப்பதற்காக எரிக் மென்வெத் என்ற அரசன் கட்டியது. 1518 இல் குஸ்தாவ் வாசா என்ற சுவீடன் இளைஞனை டெனிஷ் அரசன் பிடித்து இங்கே வைத்திருந்தான். அடுத்த வருடம் அவன் தப்பி, ஜேர்மனியின் லூபெக் நகரில் தஞ்சம் புகுந்தான். 1523 இல் சுவீடனின் அரசனானான். எங்கள் பையன்களில் ஒருவன், "அப்ப அவரும் அகதியோ?" என்று கேட்டான். ஓம் என்று சொன்னோம். கற்கள் பதித்த நீண்ட பாதையால் பையன்கள் கோட்டைக்கு ஓடிப் போய் வந்தார்கள். பாதை நெடுக உப்புக் காற்று. சாப்பாட்டை அங்கே வைத்துக்கொண்டோம். இடியப்பம், சம்பல், முட்டைப் பொரியல், போத்தலில் கொண்டுவந்த தேநீர்.

மதியத்துக்குப் பின் மேட்டுப் பக்கம் சென்றோம். பனி யுகத்தின் முடிவில் இரண்டு பெரிய பனி நாக்குகள் மண்ணைத் தள்ளிக் குவித்ததால் உண்டானவை இந்த மேடுகள். அந்த நாக்குகள் கிடந்த பள்ளங்கள்தான் இப்போது இரு பக்கமும் உள்ள குடாக்கள். இடையிடையே வட்டமான குழிகள் இருக்கின்றன. மண்ணுக்குள் புதைந்து கிடந்த பெரும் பனிக்கட்டி பின்னர் உருகியதால் நிலம் உள்ளே இறங்கிய இடங்கள் அவை. அவற்றுக்குச் 'செத்த பனிக்கட்டிக் குழி' என்று பெயர். அக்றி பௌனஹொய் உச்சியில் நின்றால் இரு குடாக்களும், தெளிவான நாளில் ஓகூஸ் நகரமும் தெரியும். 'பௌன' என்பது எதிரி வருகிறான் என்று ஊருக்கு அறிவிக்க மேட்டில் மூட்டிய நெருப்பு. அமைதியான நாடு என்று நாம் நினைக்கும் இந்த நாட்டிலும் உயரமான இடங்களின் பெயரில் பயம் எழுதப்பட்டிருக்கிறது.

உச்சிக்கு ஏற எமக்குப் பத்து நிமிடம்கூடச் செல்லவில்லை. உண்மையைச் சொன்னால் களைப்பு மேட்டினால் வருவதில்லை, ஏறி இறங்கி ஏறி இறங்கி நடப்பதால்தான் வருகிறது. அக்றியிலிருந்து கிழக்கே ற்றேஹொய வரை அப்படித்தான். ற்றேஹொய 127 மீற்றர். அதன் மேல் வெண்கலக் காலத்துப் புதைமேடுகள் மூன்று உள்ளன.

சரிவுகளில்தான் நாம் தேடிப் போன பூ இருந்தது. டெனிஷில் அதன் பெயர் கொபியெல்ல. 'கொ' என்றால் பசு, 'பியெல்ல' என்றால் மணி. மாட்டுமணி. ஊதா நிறம், நடுவில் மஞ்சள், தண்டும் இதழின் வெளிப்புறமும் வெள்ளிப் பூனைமயிர் போர்த்தியது போல இருக்கும். வறண்ட மணல் சரிவில், காய்ந்த புல்லுக்கு நடுவே, குனிந்து பார்க்காவிட்டால் தெரியாது. குனிந்து பார்த்தபோது ஒன்று, பிறகு பத்து, பிறகு காலை எங்கே வைப்பது என்று யோசிக்கும் அளவுக்கு. நிமிர்ந்த பூ உள்ள வகை ஏப்ரலிலும், தலை குனிந்த வகை மே மாதத்திலும் பூக்கும். காய்த்த பின் விதைக்கு இறகு போன்ற வால் முளைக்கும். அந்த வால் ஈரத்துக்கு நெளிந்து வெயிலுக்கு முறுகி, விதையைத் தானே மண்ணுக்குள் திருகிக்கொள்ளும். புதிதாக வந்த குடும்பத்தின் சின்ன மகள் இதைக் கேட்டுவிட்டு நீண்ட நேரம் ஒரு செடியின் முன் குந்தியிருந்தாள். அவளுக்குத் தமிழும் புரிகிறது, டெனிஷும் பாதி புரிகிறது. மாட்டுமணி என்ற பெயரை இரண்டு பாசையிலும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இந்தப் பூவை ஒருவரும் பறிக்கக் கூடாது. மாடு மேய்ந்து புல் கட்டையாக இருக்கும் சரிவில்தான் இது பிழைக்கும். மேய்ச்சல் நின்ற இடங்களில் உயர்ந்த புல்லும் புதரும், மே கடைசியில் மஞ்சளாகப் பூத்துக் கண்ணைப் பறிக்கும் கூவெல் செடியும் மூடிவிட, கொபியெல்ல மறைந்துபோகிறது. அதனால்தான் பழையபடி கால்நடைகளை விட்டிருக்கிறார்கள். ஓகூஸ் இயற்கை வரலாற்று நூதனசாலையின் ஆய்வு நிலையமான மொல்ஸ் ஆய்வுகூடம் 2016 முதல் தனது நிலத்தில் கலவே மாடுகளையும் எக்ஸ்மோர் மட்டக் குதிரைகளையும் மாரி கோடை என்று பாராமல் வெளியிலேயே விட்டு வைத்திருக்கிறது. வேலிக்குள் அவை நிற்கும் இடங்களிலும் நடைபாதை போகிறது. படலையைத் திறந்து போனால் திரும்பச் சாத்த வேண்டும். கன்றுக்குட்டியோடு நிற்கும் மாட்டுக்குக் கிட்டப் போக வேண்டாம். குதிரைக்குத் தீன் கொடுக்க வேண்டாம்.

படலை என்றதும் மொல்ஸ்காரரின் கதை ஒன்று. எமது பரமார்த்த குருவும் சீடர்களும் போல, டென்மார்க்கில் முட்டாள் கதைகளெல்லாம் மொல்ஸ் ஊரவர் தலையில்தான். பிள்ளைகள் இவற்றைப் பாடசாலையில் கேட்டிருப்பார்கள். தானிய வயலுக்குள் நாரை ஒன்று புகுந்து பயிரை மிதிக்கிறதாம். அதை விரட்ட மேய்ப்பனை அனுப்பலாம், ஆனால் அவனுடைய கால் பெரிது, பயிரை மிதித்துவிடும். ஆகவே படலையைக் கழற்றி, அதன் மேல் மேய்ப்பனை இருத்தி, எட்டுப் பேர் தூக்கிக்கொண்டு வயலுக்குள் நடந்தார்களாம். பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் ஒரு குதிரை தலை நிமிர்ந்து பார்த்தது.

இன்னொரு கதையும் உண்டு. எதிரிப் படை வருகிறது என்று கேள்விப்பட்டு, தேவாலய மணியைத் தோணியில் ஏற்றிக் கடலில் போட்டுவிட்டு, இடம் மறக்காமல் இருக்கத் தோணியின் விளிம்பில் கத்தியால் அடையாளம் வெட்டிக்கொண்டு கரைக்கு வந்தார்களாம். பிள்ளைகள் இதற்கும் சிரித்தார்கள். பெரியவர்களில் இரண்டொருவர் சிரிக்கவில்லை. அம்மம்மா மட்டும், "நாங்கள் கிணத்தடி வாழைக்குக் கீழை தாட்டனாங்கள். போய்ப் பாக்கேக்க வாழையும் இல்லை, கிணறும் தூர்ந்து போச்சு" என்று சொன்னார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நடந்தார். கார் நிறுத்திய இடத்திலிருந்து அப்போது நாம் மூன்று கிலோமீற்றர் தள்ளி வந்திருந்தோம். அவரிடம் அதை யாரும் நினைவூட்டவில்லை.

போக விரும்புவோருக்கு. ஹேர்ணிங் பக்கத்திலிருந்து காரில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் செல்லும். கார் இல்லாதவர்கள் ஓகூஸிலிருந்து எபல்ரொவ்ற் போகும் பஸ்ஸில் ஏறி றொண்டவில் இறங்கலாம். கலோவும் காடும் அங்கிருந்து நடை தூரம். அனெமோனவும் கொபியெல்லவும் சேர்த்துப் பார்க்க வேண்டுமானால் ஏப்ரல் நடுப்பகுதி தொடக்கம் இறுதி வரை போக வேண்டும். முன்பு ஈஸ்டருக்குப் பின் வரும் நான்காவது வெள்ளி, ஸ்ரோர பேடெடா, விடுமுறையாக இருந்தது. இந்தப் பயணத்துக்கென்றே வைத்தது போன்ற நாள். 2024 முதல் அந்த விடுமுறை இல்லை. ஆகவே ஒரு ஞாயிறு நித்திரையைத் தியாகம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

பாம்பு பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். டென்மார்க்கில் நஞ்சுள்ள பாம்பு ஹுகோம் ஒன்றுதான். முதுகில் நெளிநெளியான கோடு இருக்கும். வசந்தத்தில் வெயில் காய வெளியே வரும். மிதித்தாலொழிய அநேகமாகக் கடிக்காது. கடித்தால் அசையாமல் இருந்து வைத்திய உதவி கேட்க வேண்டும். அடித்துக் கொல்லக் கூடாது, சட்டம் அதைப் பாதுகாக்கிறது.

பாம்பை விட உண்ணிக்குத்தான் பயப்பட வேண்டும். புல்லிலிருந்து தொற்றி முழங்கால் மடிப்பு, கக்கம், பிள்ளைகளின் காதுக்குப் பின்புறம் என்று ஏறிக் கடிக்கும். வீட்டுக்கு வந்ததும் எல்லோரையும் பார்க்க வேண்டும். எண்ணெயோ வெண்ணெயோ பூச வேண்டாம். அபொதேக்கில் இதற்கென்று சிறு இடுக்கி விற்கிறார்கள். தோலோடு ஒட்டிப் பிடித்து இழுத்து எடுத்துவிட்டால் சரி. 24 மணி நேரத்துக்குள் எடுத்தால் பொறெலியா நோய் தொற்றுவது அரிது. சில நாட்களோ வாரங்களோ கழித்துக் கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் பெருத்துக்கொண்டு போனால் உடனே வைத்தியரிடம் காட்டுங்கள், மருந்து உண்டு. அன்றிரவு எமது நான்கு குடும்பத்திலும் அகப்பட்டவை மூன்று உண்ணிகள். அவற்றில் ஒன்று அம்மம்மாவின் சேலைக் கரையில் இருந்தது. "அதுவும் என்னோடை வர விரும்பியிருக்கு" என்றாராம். மே கடைசியில் தலை குனிந்த மாட்டுமணியைப் பார்க்க மறுபடி போகிறோம், முன்னிருக்கையில் தனக்கு இடம் வைக்கச் சொல்லியிருக்கிறார்.